ஒரு ஸ்டாப் வெளிச்சத்தின் விலை

மார்கழி பிறந்துவிட்டால் கல்யாண போட்டோகிராபர்களுக்கு வேலை நின்றுவிடும். பாக்கி ஆல்பங்களை முடிக்கவும், வரவேண்டிய பணத்தைக் கேட்டு போன் போடவும், கேமராவைத் துடைத்து வைக்கவும் கிடைக்கிற மாதம் அது. புது லென்ஸ் ஆசை வளர்வதும் அந்த மாதத்தில்தான். 2024 மார்கழியில், என்னிடம் நான்கு வருடம் உதவியாளராக இருந்துவிட்டு இப்போது தனியாகத் தொழில் செய்யும் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். சோனியின் 28-70 எம்எம் எஃப்/2 ஜி மாஸ்டர் லென்ஸ் நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டிருந்தது. காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, எடுத்துடலாமா?” என்றான்.

அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 2,899 டாலர். அன்றைய டாலர் மதிப்பில் அதுவே இரண்டரை லட்சத்தை நெருங்குகிறது. இங்கே வந்து இறங்கி 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் அதையும் தாண்டும். அவனிடம் இருந்தது ஒரு கேமரா பாடி, 35 எம்எம் எஃப்/1.8 ஒன்று, 85 எம்எம் எஃப்/1.8 ஒன்று. இரண்டு லென்ஸும் சேர்ந்து 651 கிராம். புதிதாக வாங்கினாலும் அந்த ஜூமின் பாதி விலைக்குள் இரண்டும் கிடைத்துவிடும்.

ஆசைப்பட்டு வந்தவனிடம் ‘வேண்டாம்’ என்பது சுலபம். என் இளம் வயதில் பெரியவர்களிடம் நான் கேட்டு வாங்கிய பதிலும் அதுதான். அது எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. அதனால், “போன வருஷத்துப் படம் மொத்தமும் இருக்கிற ஹார்டு டிஸ்கை எடுத்துக்கிட்டு வாப்பா. உட்கார்ந்து பார்ப்போம்” என்று சொல்லி அனுப்பினேன். அவன் திரும்பி வருவதற்குள் அந்த விலையைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கண்ணாடிக்குக் கொடுக்கும் காசு

எஃப்/2.8-ஐ எஃப்/2 ஆக்குவது எழுத்தில் பார்த்தால் சின்ன மாற்றம். 70 எம்எம்மில் எஃப்/2.8 என்றால் ஒளி நுழையும் வாய் 25 மில்லிமீட்டர் அகலம். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறியது. எஃப்/2 என்றால் 35 மில்லிமீட்டர். விட்டம் பத்து மில்லிமீட்டர்தான் கூடுகிறது, ஆனால் பரப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது. இதைத்தான் ஒரு ஸ்டாப் என்கிறோம். வாய் அகல அகல, ஓரத்தில் நுழையும் கதிர்கள் நடுவில் நுழைகிற கதிர்களோடு ஒரே புள்ளியில் சேராமல் விலகும். நிறங்கள் பிரிந்து, நகையின் விளிம்பில் ஊதாக் கோடு தெரியும். அதைத் திருத்த ஒரு கண்ணாடி, அந்தக் கண்ணாடி கொண்டுவரும் பிழையைத் திருத்த இன்னொன்று. இப்படித்தான் அந்த சோனி லென்ஸுக்குள் 20 கண்ணாடிகள் சேர்ந்தன.

இன்னும் தெளிவாகப் புரிய கேனானின் இரண்டு 50 எம்எம் லென்ஸ்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஆர்எஃப் 50 எஃப்/1.8-இல் ஆறு கண்ணாடிகள், எடை 160 கிராம், அறிமுக விலை 199 டாலர். ஆர்எஃப் 50 எஃப்/1.2-இல் பதினைந்து கண்ணாடிகள், 950 கிராம், 2,299 டாலர். வெளிச்சம் இரண்டேகால் மடங்கு கூடுகிறது. விலையோ பதினொரு மடங்கைத் தாண்டிவிட்டது. கடைசி இரண்டு படி ஏறத்தான் அதிக மூச்சு வாங்கும். லென்ஸ் செய்வதும் அப்படித்தான். அந்தப் பெரிய விலை வெறும் பேருக்கு வாங்குகிற பணம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்பட மாட்டேன். வேலை உண்மையாகவே அவ்வளவு கடினம். அந்த வேலை என் படத்துக்குத் தேவையா என்பதே கேள்வி.

எடையையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இதே 28-70 எஃப்/2-ஐ கேனான் 2018-லேயே கொண்டுவந்துவிட்டது. எடை 1,430 கிராம். பாடியோடு சேர்த்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். அதை வாடகைக்கு எடுத்து, முதல் நாள் மாலை ரிசப்ஷனில் தொடங்கி மறுநாள் முகூர்த்தம் வரை தூக்கியிருக்கிறேன். மறுநாள் சாப்பாட்டுப் பந்தியை எடுக்கும்போது வலது மணிக்கட்டு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கை நடுங்கிய படங்களை எந்தக் கண்ணாடியாலும் காப்பாற்ற முடியாது. ஆறு வருடம் கழித்து வந்த சோனி லென்ஸ் 918 கிராம். இந்த ஆறு வருடத்தில் நடந்த பெரிய முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், குறைந்துபோன அந்த 512 கிராமைத்தான் காட்டுவேன்.

கெட்டிமேளம் கொட்டும்போது

விமர்சகர்கள் புது லென்ஸைச் செங்கல் சுவரிலும் சோதனை அட்டையிலும் வைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் சோதனை அட்டை மணவறை. கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போகின்றன. பெண் தலை குனிந்திருக்கிறாள். முதல் முடிச்சைப் போட்டுவிட்டு அவர் விலக, பின்னால் நிற்கும் நாத்தனார் அடுத்த இரண்டு முடிச்சையும் போடுகிறாள். நமக்குப் படத்தில் வேண்டியது நான்கு: பெண்ணின் கண், தாலிக்கயிறு, மாப்பிள்ளையின் முகம், நாத்தனாரின் விரல்கள்.

இரண்டு மீட்டர் தொலைவில் நின்று, 70 எம்எம்மில் எஃப்/2 வைத்து எடுத்தால், கூர்மையாக விழும் ஆழம் சுமார் பத்து சென்டிமீட்டர். பெண்ணின் இமை தெளிவாக இருக்கும்; அவள் தோளுக்குப் பின்னால் முடிச்சு போடும் விரல்கள் கரைந்துவிடும். அந்த வீட்டில் அந்த நாத்தனார், நாற்பது வருடம் கழித்தும் ஆல்பத்தைப் புரட்டித் தன் கையைத் தேடுவாள். ஆகவே அந்த நேரத்தில் அனுபவமுள்ள எவரும் எஃப்/4-க்குப் போய்விடுவார்கள். கல்யாணத்தின் ஆக முக்கியமான பத்து நொடியில், இரண்டரை லட்சம் கொடுத்து வாங்கிய அந்த அகலமான வாயை நாமே முக்கால்வாசி மூடிவிடுகிறோம்.

இருட்டுக்கு அது வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான். ஆனால் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தின் மதிப்பு இப்போது முன்போல இல்லை. பத்து வருடத்துக்கு முன்பு ஐஎஸ்ஓ 6400 என்றாலே படத்தில் மணல் தூவியது போலிருக்கும். 2023 ஏப்ரலில் லைட்ரூமில் ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு, 6400-இல் எடுத்த படத்தையும் 3200-இல் எடுத்த படத்தையும் பன்னிரண்டுக்குப் பதினெட்டு ஆல்பத்தில் அடித்து வைத்தால் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மண்டபத்தில் உண்மையாகப் படத்தைக் கெடுக்கிறது மேடைக்குப் பின்னால் நிறுத்தும் எல்இடி திரை. அது மினுக்கி முகத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடுவதை எந்த எஃப் எண்ணும் தடுக்காது.

எஃப்/2-க்கென்று இடங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. கோயிலில் நடக்கும் கல்யாணம் அதில் முதலாவது. சந்நிதி அருகில் ஃபிளாஷ் போட விடமாட்டார்கள். கல் மண்டபத்தின் இருட்டில் எண்ணெய் விளக்கும் ஒரு ட்யூப் லைட்டும்தான் துணை. கூட்டத்தில் நகரக்கூட இடமில்லாமல் அகலப் படமும் நெருக்கப் படமும் நின்ற இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். வருடத்தில் பெரும்பகுதி கோயில் கல்யாணங்களைத் தனியாளாக எடுக்கும் நண்பர் ஒருவர் இந்த லென்ஸை வாங்கினார். அவருக்கு அது சரியான செலவு. அவருடைய படங்களில் ஷட்டர் 1/60-லிருந்து 1/125-க்கு உயர்ந்துவிட்டது; குங்குமம் வைக்கும் விரல் அசையாமல் நிற்கிறது.

பூட்டும் சாவியும்

பெரிய நிறுவனங்களின் விலையை ஒப்பிட இன்று ஓர் அளவுகோல் இருக்கிறது. டாம்ரான் 2018-இல் 28-75 எஃப்/2.8-ஐ 799 டாலருக்கு, 550 கிராமில் கொடுத்தது. தென்னிந்தியக் கல்யாணங்களில் எத்தனையோ தம்பிகள் சோனி பாடியோடு தொழில் தொடங்கியது அந்த லென்ஸை நம்பித்தான். சிக்மாவின் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 2024-இல் 1,199 டாலருக்கு வந்தது. அதே எண்ணுள்ள சோனியின் ஜி மாஸ்டர் இரண்டாம் பதிப்பு 2022-இல் வெளியானபோது சுமார் 2,300 டாலர். படங்களைப் பெயர் மறைத்து வைத்தால் எது எது என்று சொல்வது கடினம். எடையில் ஒரு வித்தியாசம் உண்டு. சோனி 695 கிராம், சிக்மா 735.

அப்படியானால் மீதி 1,100 டாலர் எதற்கு? ஒரு பகுதி கண்ணாடிக்கு. இன்னொரு பகுதி, சாவிக்கு. சோனியின் வேகமான பாடிகளில் மற்ற நிறுவன லென்ஸைப் போட்டால் தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடுகிறது. நொடிக்கு 120 படம் எடுக்கும் ஏ9 மூன்றாம் பதிப்பில் போட்டாலும் அதே 15 தான். மற்றவர்களின் லென்ஸோடு சோனியின் டெலிகன்வர்ட்டர் பொருந்தாது. கல்யாணத்துக்கு நொடிக்கு 15 படம் போதும், அதற்கு மேல் எடுத்தால் ஹார்டு டிஸ்க்தான் நிறையும். கபடி எடுப்பவருக்கும் பறவை எடுப்பவருக்கும் போதாது. இருந்தாலும் சோனியைப் பாராட்ட வேண்டும். 2011-லேயே தன் மவுண்ட்டின், அதாவது லென்ஸைப் பாடியோடு பூட்டும் இணைப்பின், விவரங்களை மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. கேனான் ஆர்எஃப் மவுண்ட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. 2024 ஏப்ரலில்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் வழிவிட்டது, அதுவும் சிறிய சென்சார் கேமராக்களுக்கான லென்ஸ்களுக்கு. கேனான் முழு ஃபிரேம் வைத்திருந்த கல்யாண போட்டோகிராபருக்கு அந்த 1,199 டாலர் சிக்மா அப்போது கிடைக்கவே இல்லை. போட்டி இல்லாத இடத்தில் நிர்ணயிக்கும் விலையைக் கண்ணாடியின் விலை என்று நம்ப நான் தயாராக இல்லை.

‘பாடி போகும், லென்ஸ் நிற்கும்’ என்பது எங்கள் தொழிலில் பழைய பேச்சு. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது. அப்பாவின் லென்ஸை மகன் மாட்டிக்கொண்டான். கேனானின் இஎஃப் 1987-இல் வந்தது. 2018-இல் இரண்டு நிறுவனமும் ஒரே வருடத்தில் புது மவுண்ட்டுக்கு மாறின. பழைய லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் இன்றும் வேலை செய்யும். ஆனால் விற்கப் போனால் சந்தை விலை பாதாளத்தில் கிடக்கிறது. லென்ஸைச் சொத்து என்று சொல்லி வாங்கச் சொல்பவர்கள் இந்த 2018-ஐ மறந்துவிட்டுப் பேசுகிறார்கள்.

ஏரிக்கரையில் மூன்று விலை

பறவை எடுப்பவர்களின் கணக்கு வேறு. வேடந்தாங்கலில் ஏரிக்கரையில்தான் நிற்க முடியும். சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் தண்ணீருக்கு நடுவே நீர்க்கடம்பு மரங்களில் இருக்கும். நாம் நெருங்க முடியாது, நெருங்கவும் கூடாது. அங்கே 600 எம்எம் ஆடம்பரம் கிடையாது. நிக்கான் தன் இசட் மவுண்ட்டில் மூன்று 600-ஐ மூன்று விலைக்கு வைத்திருக்கிறது. 2023-இல் வந்த 180-600 ஜூமின் அறிமுக விலை சுமார் 1,700 டாலர். அதே வருடம் வந்த 600 எஃப்/6.3 பிஎஃப் சுமார் 4,800. 2022-இல் வந்த 600 எஃப்/4 சுமார் 15,500 டாலர். வரி இல்லாமலே பதின்மூன்று லட்சம்.

முதல் இரண்டுக்கும் 600 எம்எம்மில் அபர்ச்சர் ஒன்றுதான், எஃப்/6.3. அப்படியிருந்தும் விலை ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தப் பணம் எடைக்குப் போகிறது. ஒளி வளைந்து சிதறும் தன்மையையே பயன்படுத்தும் ஒரு விசேஷக் கண்ணாடியை வைத்து லென்ஸைக் குட்டையாக்கி, முக்காலிப் பிடியோடு 1,470 கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஜூம் 2,140 கிராம். சூரியன் எதிரே இருந்தால் அந்தக் கண்ணாடி சில நேரம் வளையம் வளையமாக ஒளிக்கறை காட்டும். அது அதன் குறை. ஆனால் அறுபதைத் தாண்டிய ஒருவர், முக்காலி இல்லாமல் காலை மூன்று மணி நேரம் கரையில் நடந்து எடுக்க வேண்டுமென்றால், அந்த 670 கிராம்தான் அவர் வீட்டிலிருந்து கிளம்புவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது. அவருக்கு 4,800 நியாயம் என்பேன். தோள் பலமுள்ள இளைஞனுக்கு 1,700 போதும்.

எஃப்/4 இரண்டரை மடங்கு ஒளியைக் கொண்டுவரும், உள்ளேயே 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் இருக்கிறது, பின்னணி பட்டுத்துணி மாதிரி விழும். விடியலின் முதல் அரை மணி நேரத்தில் அதற்கு இணை இல்லை. ஆனால் ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி, தண்ணீருக்கு மேல் காற்று அலையத் தொடங்கியதும் பதின்மூன்று லட்சமும் ஒன்றரை லட்சமும் ஒரே மாதிரி மங்கல் படத்தைத்தான் தருகின்றன. தொலைவு கூடக்கூட நாம் எடுப்பது பறவையையும் நடுவிலிருக்கும் சூடான காற்றையும் சேர்த்துத்தான்.

புது லென்ஸ் வரும்போது ஒரு நல்லது நடக்கும். பழைய பதிப்புகள் செகண்ட் ஹாண்டில் வெளியே வரும். நான் அதை மனதார ஆதரிக்கிறேன். ஆனால் கவனம் வேண்டும். ஒரு கடையில் பளபளவென்று துடைத்து வைத்திருந்த 70-200 ஒன்றை நம்பி வாங்கினேன். வீட்டுக்கு வந்து, விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார்த்தேன். மூன்றாவது கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் கிளை கிளையாகப் படர்ந்திருந்தன. பூஞ்சை. நேர் வெளிச்சத்தில் எதுவுமே தெரியாது. எதிர் வெளிச்சத்தில் எடுத்த படம் மட்டும் பனி மூட்டம் போட்டது போல வெளுத்திருக்கும். கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து பணம் கொடுப்பதற்கு முன், கடைக்காரர் முகம் சுளித்தாலும், டார்ச் அடித்துப் பார்க்காமல் நகர்வதில்லை. மழை நாளில் நனைந்த பையோடு லென்ஸை அலமாரியில் வைக்கும் பழக்கமும் போய்விட்டது. சென்னை மாதிரி கடலோர ஊரில் லென்ஸ் வாங்குகிறவர்கள் விலையோடு டிரை கேபினட்டின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்

தம்பி மறுநாள் வந்தான். வரும்போதே இஎம்ஐ கணக்கு எழுதிய சீட்டு கையில் இருந்தது. சிக்மா 24-70-க்கும் இந்த சோனி 28-70-க்கும் வித்தியாசம், டாலரை மாற்றிப் பார்த்தால், சுமார் 1.43 லட்சம். வருடத்துக்கு 40 கல்யாணம் எடுக்கிறவருக்கு ஐந்து வருடத்தில் ஒரு கல்யாணத்துக்கு 715 ரூபாய் விழும். தாங்கலாம். வருடத்துக்குப் பத்துதான் என்றால் 2,860. அவர் தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். தம்பி எடுப்பது வருடத்துக்கு முப்பது சொச்சம், நடுவில் நிற்கிறான். ஆனால் அவன் சீட்டில் ஒன்றை விட்டுவிட்டான். ஆடியும் மார்கழியும் எங்களுக்கு வருமானம் இல்லாத மாதங்கள். தவணை அந்த மாதங்களிலும் ஐந்தாம் தேதி காலையில் கணக்கிலிருந்து போய்விடும். பன்னிரண்டு தவணையைப் பத்து மாத வருமானத்தில் கட்டுவதாகத் திருத்தி எழுதச் சொன்னேன்.

பிறகு லைட்ரூமைத் திறந்தோம். வாடிக்கையாளருக்கு ஆல்பத்தில் கொடுத்த படங்களை மட்டும் பிரித்து, லென்ஸ் வாரியாக, அபர்ச்சர் வாரியாக அடுக்கினோம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு 35-இல் எடுத்தவை. கையில் எஃப்/1.8 இருந்தும் மணவறைப் படங்களில் பெரும்பாலானவை எஃப்/2.8-க்கும் எஃப்/4-க்கும் நடுவே இருந்தன. வெளிச்சம் போதாமல் அவன் ஒதுக்கிய படங்கள் என்று தேடினால் இருபதுகூடத் தேறவில்லை. அவன் முகம் வாடியது.

“இப்போ நேர வரிசையில போடு” என்றேன். முகூர்த்தத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம், ஒவ்வொரு கல்யாணமாகப் பார்த்துக்கொண்டே போனோம். ஐந்தாவது கல்யாணத்தில் அவனே நிறுத்தினான். காலை 6.12-க்கு ஒரு படம்: அப்பா, பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் உள்ளங்கையில் வைக்கிறார், அம்மா செம்பைச் சாய்க்கத் தயாராகிறார். அடுத்த படம் 6.13. தாரை வார்த்து முடிந்துவிட்டது. அப்பா துண்டால் முகத்தை மூடியிருக்கிறார். நடுவில் 47 நொடி. ஒரு படமும் இல்லை.

“அப்போ கீழ உட்கார்ந்து 85 மாட்டிக்கிட்டு இருந்தேண்ணே” என்றான் மெதுவாக. மற்றக் கல்யாணங்களையும் தேடினோம். முப்பத்தொன்றில் பதினான்கில் அந்த இடத்தில் அதே மாதிரி ஓர் ஓட்டை. எஃப்/2 இல்லாததால் அவன் இழந்தது இருபதுக்கும் குறைவு. லென்ஸ் மாற்றியதால் இழந்தவற்றை எண்ணவே முடியவில்லை, அவை எடுக்கப்படவே இல்லை.

அந்த ஓட்டையை 28-70 அடைக்கும், சந்தேகமில்லை. இன்னொரு பாடியும் அடைக்கும். அவனிடம் இருக்கும் அதே மாடல் செகண்ட் ஹாண்டில், லென்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் சோதித்துப் பார்த்துவிட்டு முடிவெடு என்றேன். தை முதல் முகூர்த்தத்துக்கு அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்தான். ஓட்டை இல்லை. ஆனால் 70-இல் நின்றுபோனதால் அப்பாவின் கண்ணுக்கு நெருங்க முடியாமல், படத்தை வெட்டி வெட்டிப் பெரிதாக்கியிருந்தான். இரண்டாவது முகூர்த்தத்துக்கு என் பழைய பாடியைக் கொடுத்தேன். இடது தோளில் 35, வலது தோளில் 85.

அன்று இரவு பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. படங்கள் நேர வரிசையில் இருந்தன. செம்பிலிருந்து தண்ணீர் விழத் தொடங்கியதிலிருந்து அப்பா துண்டை எடுப்பது வரை, பதினெட்டு படங்கள்.